பெட்ரோல் போகும் வழி

பழைய கார் ஒன்றை வாங்கி, எலும்பு எலும்பாகக் கழற்றி, மறுபடி உயிர்கொடுத்து ஓட்டிப் பார்க்கிறவர்களை இப்போது எல்லா ஊரிலும் காணலாம். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசடர், பிரீமியர் பத்மினி, கான்டெஸா என்று வண்டிகள் வேறுபடும். வேலை நடக்கும் வரிசை மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் எஞ்சின், பிறகு டிங்கரிங், பெயின்ட், சீட். எல்லாம் முடிந்து, இன்றைக்கே ஸ்டார்ட் செய்துவிட வேண்டும் என்று கை பரபரக்கிற கடைசி மாலையில், டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே பெட்ரோல் லைன் இழுக்கப்படும். கடைக்கு ஓடிப்போய் டியூப் கேட்பவர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இது எவ்வளவு பிரஷர் தாங்கும்?” அந்தக் கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. பெட்ரோல் லைன் அழுத்தம் தாங்காமல் வெடிப்பது அபூர்வம். அது உரசித் தேய்கிறது, அதிர்ந்து விரிகிறது, வெந்து காய்கிறது, உள்ளே ஓடும் பெட்ரோலாலேயே அரிக்கப்படுகிறது. புதிதாக லைன் கட்டுகிறவர் இந்த நான்கையும் மனத்தில் வைத்துத் தொடங்கினால், வாங்கும் பொருளும் செலவிடும் நேரமும் முற்றிலும் வேறாக இருக்கும்.

கணக்கைப் பார்த்துவிடுவோம், இதில் கணக்குதான் சாட்சி. கார்புரேட்டர் வண்டியில் மெக்கானிக்கல் பம்ப் தரும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3 முதல் 6 பவுண்டு. சைக்கிள் டியூபில் காற்றடிக்கும் அழுத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். இன்ஜெக்‌ஷன் எஞ்சின் போட்டால் லைனில் பொதுவாக 3 பார், அதாவது சுமார் 44 பவுண்டு. இப்போது 8 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 0.9 மில்லிமீட்டர் சுவர்கனமும் உள்ள ஓர் இரும்புக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். 3 பார் அழுத்தம் அந்தச் சுவரில் உண்டாக்கும் இழுவிசை ஏறத்தாழ 1.2 மெகாபாஸ்கல். மென்மையான இரும்புக் குழாய்கூட 150 மெகாபாஸ்கலுக்கு முன்னால் நிரந்தரமாக நெளியத் தொடங்காது. நூறு மடங்குக்கும் மேல் கையிருப்பு. கார்புரேட்டர் வண்டியில் அது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. குழாய் மலை போன்ற பலத்தோடு நிற்கிறது. அதை இன்னும் பலப்படுத்த நாம் பணம் கொட்டுகிறோம்.

தடிமனான குழாய் போட்டால் பெட்ரோல் தாராளமாகப் போகும் என்ற எண்ணமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. 100 குதிரைத்திறன் எஞ்சின் முழு வேகத்தில் உறிஞ்சும் பெட்ரோல் மணிக்கு ஏறக்குறைய 30 லிட்டர். நிமிடத்துக்கு அரை லிட்டர். உள்விட்டம் 8 மில்லிமீட்டர் உள்ள குழாயில் அந்த அரை லிட்டர் நொடிக்கு 17 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்தால் போதும். எறும்பை விடச் சில மடங்கு வேகம், அவ்வளவுதான். 6 மில்லிமீட்டரில் 30 சென்டிமீட்டர். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, அதன் வெப்பச் சத்து குறைவு என்பதால், இன்னும் 7 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள், விட்டம் மாறாது. அம்பாசடருக்கோ ஹெரால்டுக்கோ அரை அங்குலக் குழாய் இழுப்பதால் ஆகும் ஒரே காரியம், பெட்ரோல் எஞ்சின் சூட்டின் அருகே அதிக நேரம் தங்கிச் சூடேறுவது. பழைய காலத்துப் பொறியாளர்கள் கஞ்சத்தனத்தால் சிறிய குழாய் போடவில்லை.

அப்படியானால் லைன் எங்கே கெடுகிறது? இதற்கு நான் ஒரு விமானத்தைச் சாட்சிக்கு அழைக்கிறேன். 2001 ஆகஸ்ட் 24 அன்று ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ330 ஒன்று டொரான்டோவிலிருந்து லிஸ்பனுக்குப் புறப்பட்டது. 293 பயணிகள், 13 பணியாளர்கள். அட்லாண்டிக் நடுவே எரிபொருள் தீர்ந்து இரண்டு எஞ்சின்களும் நின்றன. விமானிகள் சுமார் 19 நிமிடம், 120 கிலோமீட்டர் வெறும் காற்றில் மிதந்து வந்து அசோரஸ் தீவுக்கூட்டத்தின் லாஜெஸ் தளத்தில் இறக்கினார்கள், எல்லாரும் பிழைத்தார்கள். போர்ச்சுகல் விசாரணை கண்டது என்ன? அதற்குச் சில நாள் முன்பு வலது எஞ்சினை மாற்றியிருந்தார்கள். வந்த எஞ்சின் பழைய அமைப்பு. அதில் பொருத்தியவற்றில் ஒரு குழாய் புதிய அமைப்புக்கானது, மற்றொன்று பழையதற்கானது. ஹைட்ராலிக் குழாயும் எரிபொருள் குழாயும் இருக்கவேண்டிய இடைவெளி இல்லாமல் நெருங்கின. குழாயைக் கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கியதில் இடைவெளி இருப்பதுபோலத் தெரிந்தது. அழுத்தம் ஏறியதும் குழாய் தன் பழைய இடத்துக்குத் திரும்பி மற்றதைத் தொட்டது. தொட்டது உரசியது, உரசியது விரிந்தது. உலகிலேயே மிகக் கடுமையான தரப் பரிசோதனையைக் கடந்துவந்த குழாய் அது. அதன் பலத்தில் குறை ஒன்றும் இல்லை. ஒரு விரல் அகல இடைவெளி இல்லாததுதான் குறை.

இந்த விபத்துக்கும் பட்டறையில் நிற்கும் பழைய காருக்கும் உறவு நெருக்கமானது. புராஜெக்ட் கார் என்பதே பல வண்டிகளின் பாகங்கள் ஒன்றாகச் சேர்ந்த கூட்டுக்குடும்பம். ஒன்றின் டேங்க், இன்னொன்றின் எஞ்சின், சென்னைப் புதுப்பேட்டையில் கிடைத்த பம்ப், ஜி.பி. ரோட்டில் வாங்கிய ஃபில்டர். இவற்றுக்கு நடுவே எந்தக் குழாய் எதைத் தொடும் என்று எந்தத் தொழிற்சாலை வரைபடமும் சொல்லாது. ஆகவே வேலை குழாய் வாங்குவதில் தொடங்கக் கூடாது. வழி பார்ப்பதில் தொடங்க வேண்டும். வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, சாதாரணக் கட்டுக்கம்பி ஒன்றை டேங்கிலிருந்து எஞ்சின் வரை வளைத்துப் பார்க்க வேண்டும். சைலன்ஸர் குழாய்க்கு மேலே போகிறதா? புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஜாயின்ட் உடைந்து சுழன்றால் அடிபடும் இடமா? டயர் வீசும் கல் வந்து விழுமா? ஜாக்கி வைக்கும் புள்ளியா? ஸ்டார்ட்டர் கேபிளோடு ஒட்டிப் போகிறதா? இவை எல்லாவற்றுக்கும் இல்லை என்று பதில் வரும் பாதை பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும்: சேசிஸ் சட்டத்தின் உள்பக்கம், அதன் கீழ் விளிம்புக்குச் சற்று மேலே. அந்தக் கம்பியை மாதிரியாக வைத்துத்தான் குழாயை வளைக்க வேண்டும். வளைத்த குழாய் தன் இடத்தில் தானாகவே படுத்துக் கிடக்க வேண்டும்; நெம்பி இழுத்துக் கிளாம்ப் போட்டு அடக்கிய குழாய், விமானத்தில் நடந்ததுபோல, வாய்ப்புக் கிடைத்ததும் திமிறும். ரப்பர் உறை போட்ட கிளாம்ப் 30 அல்லது 40 சென்டிமீட்டருக்கு ஒன்று. தகட்டில் துளை வழியாகப் போனால் துளைக்கு ரப்பர் வளையம். இவ்வளவும் சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். ஆனால் ஒரு முழு நாள் பிடிக்கும். அந்த நாளைத்தான் யாரும் ஒதுக்குவதில்லை.

அடுத்தது உள்ளே ஓடும் திரவம். இங்கே நம் நாட்டுக்கே உரிய ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. 2003 ஜனவரியில் 9 மாநிலங்களிலும் 4 யூனியன் பிரதேசங்களிலும் 5 சதவீத எத்தனால் கலப்பு தொடங்கியது. 2022 ஜூனில் அது 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கி, 2025இல் நாட்டின் வழக்கமான பெட்ரோலே அதுதான் என்றாகிவிட்டது. ஹெரால்டையும் அம்பாசடரையும் வடிவமைத்தவர்கள் இப்படி ஒரு திரவத்தைக் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரம் அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பழைய டேங்குகளில் உள்பூச்சாக இருந்த ஈய-வெள்ளீயக் கலவையையும், துத்தநாகத்தையும், சில அலுமினிய வார்ப்புகளையும் அது மெல்ல அரிக்கும். சாதாரண நைட்ரைல் ரப்பரின் கதை இன்னும் விசித்திரமானது: தனிப் பெட்ரோலிலோ தனி எத்தனாலிலோ ஊறுவதைவிட, இரண்டும் கலந்ததில் அது கூடுதலாக உப்பும். உப்பும்போது ரப்பரை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ச் சத்து கரைந்து வெளியேறிவிடும். பிறகு வண்டி இரண்டு மாதம் நின்று, லைன் காய்ந்தால், சத்துப் போன ரப்பர் சுருங்கி வெடிக்கும். தினமும் ஓடும் டாக்சியைவிட, துணி போர்த்தி நிறுத்திய காரில் ஹோஸ் சீக்கிரம் கெடுவதற்குக் காரணம் இதுதான். புராஜெக்ட் கார் வாழ்நாளில் பெரும்பகுதி நின்றுகொண்டே இருக்கும் கார். அதன் லைனை நிற்பதற்காகவும் கட்ட வேண்டும்.

ஆகவே ரப்பர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. டேங்கிலிருந்து எஞ்சின் அறை வரை ஏறத்தாழ 3 மீட்டர் தூரத்தில் உலோகம். டேங்க் வாயில் ஒரு துண்டு, சேசிஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு துண்டு மட்டும் ஹோஸ். எஞ்சின் தன் ரப்பர் மவுன்டிங்கின்மேல் ஆடும். அங்கே வளையாத குழாய் போட்டால் விரியும். அதனால் அந்த ஒரு துண்டு கட்டாயம், அதுவும் விறைப்பாக இல்லாமல் கொஞ்சம் தொய்வோடு. ஹோஸ் வாங்கும்போது அதன்மேல் அச்சிட்ட எழுத்தைப் படிக்க வேண்டும். எஸ்.ஏ.இ. ஜே30 என்ற தரவரிசையில் ஆர்7 என்பது கார்புரேட்டர் வண்டிக்கானது, ஆர்9 இன்ஜெக்‌ஷனுக்கானது. ஆர்9இல் உள்ளே ஃப்ளூரோ ரப்பர் படலம் உண்டு. எத்தனால் அதனிடம் எளிதில் வாலாட்டாது. கார்புரேட்டர் வண்டிக்கும் ஆர்9 போடுங்கள் என்பேன். அழுத்தத்துக்காக இல்லை, அந்தப் படலத்துக்காக. டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கும் ஹோஸுக்கு ஆர்10 என்று தனித் தரம் இருக்கிறது. வெளியே போடும் ஹோஸை உள்ளே போட்டால், வெளிப்புறத் தோலும் பெட்ரோலில் ஊறிக் கூழாகிவிடும். எழுத்தே இல்லாத கறுப்பு டியூபைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. அதன் தயாரிப்பாளரே சொல்ல விரும்பவில்லையே.

உலோகத்திலும் தேர்வு இருக்கிறது. கையால் வளைக்கலாம் என்பதற்காகப் பட்டறைகள் விரும்புவது ஏ.சி. வேலைக்கு வரும் செப்புக் குழாய். செம்பு அதிர அதிர இறுகி, ஒருநாள் ஃபிளேர் கழுத்தில், அதாவது மூட்டுக்காக நுனியைக் கூம்பாக விரித்த இடத்தில், மயிரிழையாக விரியும். போதாததற்கு, பெட்ரோல் காற்றோடு சேர்ந்து பிசினாவதைச் செம்பு விரைவுபடுத்தும். நின்ற வண்டியின் கார்புரேட்டரில் படியும் அரக்கு நிறப் பிசினில் அதற்கும் பங்குண்டு. தண்ணீருக்குப் போடும் ஜி.ஐ. குழாயின் துத்தநாகம் செதில் செதிலாக உரிந்து ஜெட்டை அடைக்கும். 10 சதவீத நிக்கல் கலந்த செப்புக் கலவை, பிரேக் லைனுக்கென்று விற்பது, செம்பைப்போல் வளையும். துருவும் பிடிக்காது, அதிர்வையும் தாங்கும். ஸ்டெயின்லெஸ் நீடிக்கும், ஆனால் ஃபிளேர் செய்யக் கையும் கருவியும் நன்றாக இருக்க வேண்டும். கம்பெனியிலிருந்து வந்த பூச்சுப் பூசிய இரும்புக் குழாய் இன்னும் நல்ல நிலையில் இருந்தால், அதைப் பிடுங்கி எறிய எந்த அவசரமும் இல்லை.

சூடு பற்றிச் சொல்லும்போது பலருக்கும் ஒரு காட்சி நினைவுக்கு வரும்: நடுச்சாலையில் பானெட்டைத் திறந்து வைத்து, பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றி நிற்கும் அம்பாசடர். மெக்கானிக் ‘ஏர் லாக்’ என்பார். உண்மையில் அது காற்று இல்லை, பெட்ரோலின் ஆவி. பெட்ரோலின் இலேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு, 3 மீட்டர் தூரத்திலிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் இன்னும் எளிதாகக் கொதிக்கிறது. அதன்மேல் எத்தனால். ஒரே அடிப்படைப் பெட்ரோலில் 5 முதல் 10 சதவீதம் எத்தனால் சேரும்போது ஆவியழுத்தம் உச்சத்துக்குப் போகும். 20 சதவீதத்திலும் தனிப் பெட்ரோலைவிடக் கூடுதலாகவே நிற்கும். இதற்குத் தடித்த குழாயோ பலமான ஹோஸோ மருந்தாகாது. பம்பை டேங்கின் அருகே வைத்து உறிஞ்சுவதைத் தள்ளுவதாக மாற்றுவது ஒரு வழி. மிஞ்சிய பெட்ரோல் டேங்குக்கே திரும்பிச் செல்ல இரண்டாவது குழாய் போடுவது இன்னொரு வழி. சுற்றிக்கொண்டே இருக்கும் பெட்ரோலுக்கு எஞ்சின் அருகே நின்று சூடேற நேரம் இல்லை. திரும்பும் லைன் அனாவசியம் என்று கழித்துக் கட்டுகிறவர்கள், மே மாதச் சென்னையில் ஒருமுறை சிக்னலில் நின்று பார்த்தால் போதும். ரப்பருக்கும் இதே சூடுதான் எமன். 10 டிகிரி கூடினால் அது முதுமை அடையும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது வேதியியலில் பொதுவாகச் சொல்லும் விதி.

இனி மூட்டுகள். கசிவு பெரும்பாலும் மூட்டில்தான் தொடங்கும், குழாயின் நடுவில் இல்லை. ஆகவே முதல் தந்திரம் மூட்டுகளைக் குறைப்பது. ஒவ்வொரு அடாப்டரும் ஒரு புதிய வாசல். ஃபிளேர் மூட்டில் இரண்டு சாதிகள் உண்டு. கார்த் தொழிலில் வழக்கமான 45 டிகிரி. அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் வகுத்த ஏ.என். வகையின் 37 டிகிரி. இவற்றில் ஒன்றின் நட்டு மற்றதில் சில அளவுகளில் பிடிக்கவும் செய்யும், அதுதான் ஆபத்து. எட்டு டிகிரி வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, பெட்ரோலுக்குத் தெரியும். ஃபிளேர் மூட்டை அடைப்பது கூம்பும் கூம்பும் முகம் சேர்வது. மறைக்கு அங்கே இறுக்கிப் பிடிக்கும் வேலை மட்டுமே. குழாய்க்காரர் பழக்கத்தில் மறையில் வெள்ளை டேப் சுற்றுவதால் எந்தப் பயனும் இல்லை. டேப்பின் நூல் பிய்ந்து ஊசி வால்வில் சிக்குவதுதான் மிச்சம். ஹோஸ் ஏறும் குழாய் நுனியில் சிறு புடைப்பு உருட்டியிருக்க வேண்டும். மொழுமொழு நுனியில் கிளாம்ப் எவ்வளவு இறுக்கினாலும் ஹோஸ் ஒருநாள் நழுவும். துளை வெட்டிய பட்டையுள்ள சாதாரண கிளாம்ப் ரப்பரைக் கடித்துக் கிழிக்கும். விளிம்பு மடித்த, முழு வட்டமாகப் பிடிக்கும் கிளாம்புக்குச் சில ரூபாய்தான் கூடுதல். குழாயை ரம்பத்தால் அறுக்காமல் சக்கரக் கட்டரால் வெட்டி, பிசிறை நீக்கி, உள்ளே கழுவி ஊதிவிட வேண்டும். ஃபிளேர் அடிப்பதற்கு முன் நட்டைக் குழாயில் கோர்க்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதை மறக்காத கைகாரர் இன்னும் பிறக்கவில்லை.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன். வலுவானது இது: ரேஸ் கார்களில் எஃகுப் பின்னல் ஹோஸ் போடுகிறார்களே, அவர்களுக்குத் தெரியாததா? தெரியும். ரேஸ் காரை அடிக்கடி பிரித்துப் போட்டுப் பார்க்கிறார்கள். பாகங்களுக்குக் காலக்கெடு வைக்கிறார்கள். சர்வதேச கார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் சான்று பெற்ற ரப்பர் எரிபொருள் பைக்கே ஐந்தாண்டுதான் ஆயுள். நம் கார்களில் அந்தப் பின்னல் ஹோஸ், டேங்கிலிருந்து எஞ்சின் வரை ஒரே நீளமாகப் போய், பத்தாண்டு அப்படியே கிடக்கும். எஃகுப் பின்னல் பக்கத்தில் தொட்ட எதையும் அரம்போல் அறுக்கும். அதைவிடக் கேடு, உள்ளே ரப்பர் காய்ந்து வெடித்ததை அது மறைத்துவிடும். இதற்கு வரலாறு உண்டு. பின்பக்கம் காற்றால் குளிரும் எஞ்சின் வைத்த ஃபோக்ஸ்வாகன் பீட்டிலும் அதன் வேனும் எஞ்சின் தீக்குப் பெயர்போனவை. பருத்திப் பின்னல் போர்த்திய ஹோஸின் உள்ளே ரப்பர் செத்துப்போனது வெளியே தெரியாது. கார்புரேட்டரில் அடித்து இறக்கிய பித்தளை மூக்கு தளர்ந்து கழன்றும் வரும். எஞ்சின் உடலோ மெக்னீசியக் கலவை. பற்றினால் அணைப்பது லேசில்லை. அழுத்தம் அங்கே மிகக் குறைவு என்பதை மறக்க வேண்டாம். பின்னல் ஹோஸ் கட்டாயம் வேண்டும் என்றால், உள்ளே ரப்பருக்குப் பதில் பி.டி.எஃப்.இ. பூசியதும், அந்தப் பூச்சில் கரி கலந்து மின்சாரம் கடத்துவதும் வாங்க வேண்டும்; இல்லாவிட்டால் ஓடும் பெட்ரோல் உண்டாக்கும் நிலைமின்னே ஊசித்துளை போட்டுவிடும்.

இரண்டாவது எதிர்வாதத்தில் நான் பாதி தோற்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். அழுத்தம் ஒரு பொருட்டே இல்லையா? லைன் கெடுவதற்கு அது காரணம் இல்லை. கெட்ட பிறகு நடப்பதை அதுதான் தீர்மானிக்கிறது. 3 பார் அழுத்தத்தில் ஒரு துளையிலிருந்து பெட்ரோல் நொடிக்கு 28 மீட்டர் வேகத்தில் பீய்ச்சும். நெடுஞ்சாலையில் போகும் காரின் வேகம். துளை ஒரு மில்லிமீட்டர் என்றால் நிமிடத்துக்கு முக்கால் லிட்டருக்கு மேல், அதுவும் துளித்துளியாகச் சிதறிப் புகையாக. கார்புரேட்டர் வண்டியில் அதே துளை கால் லிட்டர் சொட்டும், வாசனை வரும், ஓட்டுநர் நிறுத்துவார். மெக்கானிக்கல் பம்ப் எஞ்சின் நின்றதும் தானும் நிற்கும். மின்சாரப் பம்போ வண்டி கவிழ்ந்து கிடந்தாலும் சாவி திறந்திருக்கும்வரை தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே பழைய உடலில் இன்ஜெக்‌ஷன் எஞ்சின் வைக்கிறவர், எஞ்சின் சுழற்சி நின்றால் பம்பை நிறுத்தும் ரிலேயும், மோதினால் துண்டிக்கும் சுவிட்சும் இல்லாமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது. ஆனால் பாருங்கள், இந்தப் பதில்களில் ஒன்றும் ‘இன்னும் பலமான குழாய்’ என்று முடியவில்லை.

“முப்பது வருஷமாகச் சாதா டியூப்தான் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை” என்று அனுபவசாலி மெக்கானிக் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த முப்பது ஆண்டில் பெரும்பகுதி அவர் கையாண்டது வேறு பெட்ரோல். தவிர, அவர் பட்டறைக்குத் திரும்பி வந்த வண்டிகள் எரியாத வண்டிகள். அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. குழாய் வளைப்பதில் அவர் கைக்குள்ள நேர்த்தி எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. திரவம் மாறிவிட்டதை மட்டும் கையால் உணர முடியாது. மறுபக்கம், பழைய வண்டி பழையபடியே இருக்க வேண்டும் என்கிற ரசிகர். அவர்மேல் எனக்கு மதிப்பு அதிகம். ஆனால் ஹோஸ் ஒருபோதும் வண்டியோடு பிறந்து வண்டியோடு வாழும் பாகமாகக் கருதப்பட்டதில்லை. டயரையும் வைப்பரையும்போல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியது. குழாயின் பழைய பாதை, பழைய கிளிப், பழைய இரும்பு நிறம் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளட்டும். இரண்டு சாண் ரப்பரில் மட்டும் இந்தக் காலத்து வேதியியலுக்கு இடம்கொடுத்தால் போதும். கண்காட்சியில் அதைக் குனிந்து பார்த்துக் குறைசொல்கிறவர் இருந்தால், அவர் காரின் ஹோஸ் எந்த வருஷத்தது என்று திருப்பிக் கேட்கலாம்.

கட்டி முடித்ததும் சோதனை. அதைப் பெட்ரோல் ஊற்றிச் செய்யக் கூடாது. டேங்கையும் கார்புரேட்டரையும் கழற்றிவிட்டு, லைனின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு காற்று ஏற்றி, மூட்டுதோறும் சோப்பு நீர் பூச வேண்டும். அளவுமானி கால் மணி நேரம் அசையாமல் நின்றால் அடுத்த கட்டம். ஹோஸ் மாற்றிய மாதத்தையும் வருஷத்தையும் ஒரு சிறு தகட்டில் எழுதி, பானெட்டைத் திறந்ததும் தெரியும் இடத்தில் கட்டிவிடுங்கள். அடுத்து வருகிற மெக்கானிக்குக்கு அது கடிதம். முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் சாவியில், ஒருவர் டார்ச்சோடு வண்டியின் அடியில், தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில். எஞ்சின் சூடேறி நின்று, மறுபடி குளிர்ந்த பிறகு எல்லா மூட்டையும் ஒருமுறை உலர்ந்த விரலால் தடவிப் பாருங்கள். அன்றைக்கு டேங்கில் ஐந்து லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டாம். கசிந்தால் இறக்க வேண்டியதும் அவ்வளவுதான்.